ப்ளேயர் தாண்டிப்போன இடம்

பழங்காநத்தத்தில் பூக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் அந்த ஸ்டுடியோவுக்கு அழகுபாண்டி ஏறி வந்தபோது உச்சி வெயில். தெருவில் பஸ் ஹாரனும் தள்ளுவண்டிக்காரர்களின் கத்தலுமாகக் காது கிழிந்தது. மாடியில் எடிட்டிங் அறை மட்டும் எப்போதும் இருட்டு. திரையில் நிறம் சரியாகத் தெரியவேண்டும் என்று சன்னல் எல்லாவற்றிலும் கறுப்புத் துணி அடித்து வைத்திருந்தார் முதலாளி சுருளி. கதவைச் சாத்தினால் நடுப்பகலிலும் நம் கை நமக்குத் தெரியாது.

இசைவாணி அங்கே எடிட்டர். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, எழவு எல்லாவற்றையும் வெட்டி ஒட்டுவது அவள் வேலை. எழவு வீட்டு அழுகையைப் பார்த்துக்கொண்டே தக்காளி சாதம் சாப்பிடும் அளவுக்குப் பழகிப்போனவள். பேய் பிசாசு என்று யாராவது பேச்சை எடுத்தால் முகத்துக்கு நேரே சிரித்துவிடுவாள். சுருளியின் கம்ப்யூட்டரை வைரஸ் தின்ற பிறகு அதில் இலவச இயங்குதளமான லினக்ஸை ஏற்றியவளும் அவள்தான். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

வந்தவனுக்கு மொட்டைத் தலையில் முடி இப்போதுதான் முளைத்திருந்தது. கீழக்குயில்குடிக்காரன். போன மாதம் இறந்துபோன முத்திருளனின் ஒரே மகன். அந்தச் சாவுக்கு வீடியோ எடுத்ததும், வெட்டாமல் அப்படியே பென் டிரைவில் போட்டுக் கொடுத்ததும் சுருளி. உட்காரச் சொல்லியும் உட்காராமல், பென் டிரைவை நீட்டினான்.

“தங்கச்சி, இதுல ஒரு இடம் ஓட மாட்டேங்குது. போன்ல போட்டாலும் தாண்டுது, டிவில போட்டாலும் தாண்டுது.”

“எந்த இடம்ணே?”

“சுடுகாட்டுல. நான் கொள்ளி வச்சுட்டு நடந்து வாரேன்ல, அந்த இடம்.”

கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. குடத்தை உடைத்து, கையைப் பின்னால் கொண்டுபோய் நெருப்பை வைத்துவிட்டு, அப்படியே நடையைக் கட்டவேண்டும். திரும்பிப் பார்த்தால் போனவர் போகமாட்டார், கூடவே கிளம்பிவிடுவார் என்பார்கள். அழகுபாண்டியும் திரும்பவில்லை. ஆனால் காது கேட்டுவிட்டது.

“அழகுன்னு கூப்புட்டாரு. எங்க அய்யா குரல் எனக்குத் தெரியாதா? எல்லாரும் பிரமைங்கிறாங்க. நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுச் சாஞ்சாரு, பேச்சு மூச்சில்ல. டாக்டருக்குக்கூடக் காட்டல, வயசான உசுருதானேன்னு தூக்கிட்டோம்.” அவன் குரல் உடைந்தது. “உசுரோட வச்சுக் கொளுத்திட்டேனான்னு தெரியணும் தங்கச்சி. அது தெரியாம சோறு இறங்கல.”

இசைவாணிக்குப் பாவமாக இருந்தது. அவன் கையிலிருந்து பென் டிரைவை வாங்கிக்கொண்டாள்.

“கெட்டுப்போன இடம் வந்தா ப்ளேயர் அதைத் தூக்கிப் போட்டுட்டு அடுத்த நல்ல இடத்துக்குப் போயிரும்ணே. லினக்ஸ்ல ஒரு ப்ளேயர் இருக்கு. அதை எழுதினவங்க அதோட மூல வரிகளையே எல்லாருக்கும் திறந்து விட்ருக்காங்க. அந்தத் தாண்டுற புத்தியை மட்டும் வெட்டிட்டு, நானே புதுசா ஒண்ணு கட்டித் தாரேன். உள்ளது உள்ளபடி காட்டும்.”

மூலத்தை இறக்கி, தாண்டச் சொல்லும் வரிகளைத் தேடி அழித்தாள். பிறகு கம்பைல் செய்யச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின. கம்ப்யூட்டரின் மின்விசிறி இரையத் தொடங்கியது. எழுதப்பட்ட வரிகள் ஒவ்வொன்றாக இயந்திரத்துக்குப் புரியும் பாஷைக்கு மாறி, ஒரு ப்ளேயராகச் சேர்ந்து வர நேரமெடுக்கும். அதற்குள் அசல் மெமரி கார்டைக் கேட்டு வைக்கலாம் என்று, அறைக்கு வெளியே போய்ச் சுருளிக்குப் போன் போட்டாள். அவர் வாடிப்பட்டியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பின்னால் மேளச் சத்தம்.

விஷயத்தைச் சொன்னதும் சுருளி மேளச் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்தார்.

“கார்டு கெடலத்தா. ஓடிக்கிட்டிருக்கிறப்பவே நான்தான் புடுங்குனேன்.”

“ஏண்ணே?”

“கொள்ளி வச்சவன் பாக்கல. என் கேமரா பாத்துருச்சு. அதை நீ பாரு, நான் பாக்குறேன், ஊரே பாக்கட்டும். அந்தப் பய மட்டும் பாக்கக் கூடாது. வெளிய அனுப்பிரு.”

சரிண்ணே என்று வைத்துவிட்டாள். கல்யாண வீட்டில் மனிதர் காலையிலேயே ஊற்றிவிட்டார் என்றுதான் நினைத்தாள்.

உள்ளே திரும்பியபோது வறட்டிப் புகை வாசம் அடித்தது. வறட்டியோடு மயிர் கருகும் வாசமும் இருந்தது. பதறிப்போய்க் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

பெட்டி சில்லென்று இருந்தது.

எழுத்துகள் நின்றிருந்தன. ப்ளேயர் தயார். அழகுபாண்டி இப்போது அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து, திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்திருந்தான்.

அவள் கதவைச் சாத்திவிட்டு வீடியோவை ஓடவிட்டாள்.

குடம் உடைந்தது. மற்ற ப்ளேயர்கள் குதிக்கும் இடத்தில் இது குதிக்கவில்லை. பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாகச் சிதறி, மெதுவாகச் சேர்ந்தது. ஈரவேட்டியோடு அழகுபாண்டி முன்னால் நடக்கிறான். ஆட்கள் பின்னால் போகிறார்கள். கேமரா அவர்களை விட்டுவிட்டுத் திரும்புகிறது. வைக்கோல் போட்டு மண் பூசிய வறட்டி அடுக்கு, முகம் மட்டும் வெளியே. கண் மூடியிருக்கிறது. கால்மாட்டில் நெருப்பு.

“அழகு.”

ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.

முத்திருளனின் உதடு அசையவில்லை.

“பாருங்கண்ணே, வாய் அசையல,” என்றாள் இசைவாணி. “உசுரு இல்ல.”

அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். ஒரு மாதச் சுமை இறங்கிய அழுகை அது. அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மவுஸுக்குக் கை போவதற்குள் மறுபடியும் குரல் வந்தது. இந்தத் தடவை மைக்குக்கு மிகப் பக்கத்திலிருந்து.

“அழகு. திரும்பிப் பாக்கவே மாட்டியாப்பா?”

செத்துப்போன அப்பன் கூப்பிட்டால் எந்தப் பிள்ளைக்குத்தான் மனசு கேட்கும்?

அவன் கையை எடுத்தான். திரையை நேராகப் பார்த்தான்.

“பாத்துட்டேன்யா.”

திரையில் முத்திருளன் கண்ணைத் திறந்தார்.

“இரு, வாரேன்.”

படம் மறுபடி கட்டங்களாகச் சிதறியது. சேர்ந்தபோது நெருப்பு இருந்தது, வைக்கோல் இருந்தது, மண் இருந்தது.

முகம் இருந்த இடம் குழியாக இருந்தது.

இசைவாணி கத்திக்கொண்டே ஒயரைப் பிடுங்கினாள். இருட்டில் அவளுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்து வெளிச்சத்துக்கு வந்தபோது அழகுபாண்டி மட்டும்தான் பின்னால் வந்தான். முகம் தெளிந்திருந்தது. நன்றி தங்கச்சி என்று கும்பிட்டுவிட்டு இறங்கினான்.

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். அவன் பைக்கில் ஏறி, காலை அகட்டி ஊன்றி, வண்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தான், பின்னால் யாரோ வயதானவர் ஏறுவதற்குக் காத்திருப்பதுபோல. பின்சீட் அழுந்தி இறங்கியது. அவன் தலையைத் திருப்பிச் சிரித்து ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

சாயங்காலம் சுருளியே போன் செய்தார். நாகமலைக்குப் பக்கத்தில் லாரி. ஆள் அந்த இடத்திலேயே போய்விட்டான்.

“டீக்கடைக்காரங்க இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்கத்தா,” என்றார். “பின்னாடி ஒரு பெருசு அவனைக் கட்டிப்புடிச்சு உக்காந்திருந்துச்சாம். அந்தாளைக் காணோமாம்.”

ப்ளேயரை அழித்தாள். மூலத்தை அழித்தாள். வீடியோவையும் அழித்தாள். பென் டிரைவைச் சுத்தியலால் நொறுக்கினாள். கம்ப்யூட்டர் ஒயரை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, வீட்டிலிருந்து பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து கூடத்தில் வெளிச்சத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். சுருளி ஏன் என்று கேட்கவில்லை. அவரும் அந்த அறைக்குள் போவதை நிறுத்திவிட்டார்.

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் ஒரு பெண் படியேறி வந்தாள். வெறும் நெற்றி. அழுது வீங்கிய கண். அழகுபாண்டியின் மனைவி திவ்யா.

“எங்களுக்குப் புள்ள இல்லக்கா. கொள்ளி நான்தான் வச்சேன்.” கையிலிருந்த போனை நீட்டினாள். “என் தம்பி எடுத்தது. ஒரு இடத்துல தாண்டுது. நான் திரும்பி வாரப்ப அவரு என்னைப் பேரு சொல்லிக் கூப்புட்டாரு. அதைக் காட்டுற ப்ளேயர் உங்ககிட்ட இருக்குன்னு அன்னைக்கு இங்கருந்து போன்ல சொன்னாரு.”

இசைவாணி போனை வாங்கி அந்தப் படத்தை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“அய்யோ, என்னக்கா பண்ணிட்டீங்க!”

“அவரு செத்துட்டாரும்மா. லாரில அடிபட்டுச் செத்துட்டாரு. அதுல உனக்குச் சந்தேகமே வேணாம். நேரா வீட்டுக்குப் போ. உன் கால்ல விழுறேன். யாரு கூப்புட்டாலும் திரும்பிப் பாக்காமப் போ.”

திவ்யா அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். இசைவாணி நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டாள்.

மூடியிருந்த எடிட்டிங் அறைக்குள், ஒயர் இல்லாத கம்ப்யூட்டரின் மின்விசிறி இரையத் தொடங்கியது.

கதவுக்கு அடியில் வெள்ளை வெளிச்சம் மளமளவென்று ஓடியது. வறட்டிப் புகை வாசம் கூடத்துக்கு வந்தது. இசைவாணி படியை நோக்கி ஓடினாள்.

இரைச்சல் நின்றது.

“திவ்யா,” என்றது ஸ்பீக்கர், ஆசையாக.

படியில் பாதி இறங்கியிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.