உள்ளங்கைச் சூடு

ஹீட்டர்காரர் அந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. வேனை விட்டு இறங்கியதும் வழக்கம்போல மரங்களைத்தான் முதலில் பார்த்தார். ஆப்பிள் மரங்கள் பூ விரிக்கத் தயாராக நின்றன. இந்த நேரத்தில் ஒரே ஒரு ராத்திரி உறைபனி விழுந்தால் போதும், அந்த வருஷத்துக் காய்ப்பு அதோடு சரி. அதற்காகத்தான் மரங்களுக்கு நடுவே வரிசை வரிசையாக, இடுப்பு உயரத்துக்கு, அவர் கையால் நட்ட கேஸ் ஹீட்டர்கள் நின்றுகொண்டிருந்தன. குளிர் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் யாரும் தொடாமலே அவை தானாகப் பற்றிக்கொள்ளும். ‘இனிமே நீங்க நிம்மதியாத் தூங்கலாம்’ என்று சொல்லித்தான் அவர் ஊர் ஊராக அதை விற்றுவந்தார்.

இந்த வீட்டில் சமீபத்தில் யாரும் தூங்கியதாகத் தெரியவில்லை.

அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து வைத்த தோட்டம் அது. வேலையாட்கள் வாயில் அண்ணன் பெரியவர், தம்பி சின்னவர். இப்போது சின்னவர் இல்லை. பருவத்தின் முதல் உறைபனி இறங்கிய ராத்திரியில் பள்ளத்தில் விழுந்து இறந்துபோனார். மொட்டு வாய் திறக்காத நேரம் என்பதால் மரங்கள் தப்பித்துக்கொண்டன. செய்தி கேட்ட ஹீட்டர்காரர் துக்கத்துக்கு வரவில்லை. வேலை இருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது முழு உண்மை இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

பெரியவர் வாசலிலேயே நின்றிருந்தார். சவரம் செய்யாத முகம், தோளில் கம்பளி.

“வாய்யா. வந்து உன் மெஷின் அடிக்கிற கூத்தைப் பாரு.”

படுக்கையறைச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி. தோட்டத்துப் பள்ளத்தில் தொங்கும் சென்சார் எவ்வளவு குளிரை உணர்கிறதோ, அந்த எண் இந்தப் பெட்டியில் சிவப்பாகத் தெரியும். ஹீட்டர்களைப் பற்றவைப்பதும் இந்தப் பெட்டிதான்; இதை அணைத்துவிட்டால் அவை எரியாது. பெரியவர் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவைத்திருந்தார்.

“எதுக்கு முதலாளி துண்டு?”

“பார்க்கப் பிடிக்கல.”

ஹீட்டர்காரர் துண்டை விலக்கினார். ஐந்து. வெளியே இருந்த குளிருக்குச் சரியான எண்தான். என்ன குறை என்று கேட்க வாயெடுத்தபோது எண் நகர்ந்தது. எட்டு. பதினாறு. இருபத்தேழு. முப்பத்து நான்கில் போய் நின்றது. பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. முழுசாக இறங்குவதற்குள் மறுபடியும் ஏறத் தொடங்கியது.

“தினமும் சாயங்காலமானா இதே கதைதான்,” என்றார் பெரியவர்.

ஏறி இறங்குகிற எண்ணை ஹீட்டர்காரர் எத்தனையோ தோட்டங்களில் பார்த்திருக்கிறார். எல்லா இடத்திலும் ஒயர் தளர்ந்திருக்கும், திருகினால் சரியாகிவிடும். அதைச் சொல்லலாம் என்று பார்த்தார். சொல்லாமலே பையை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்கு நடந்தார்.

குளிர் தண்ணீர் மாதிரி. மேட்டில் நிற்காது, பள்ளம் தேடி இறங்கித் தேங்கும். அதனால் தோட்டத்தின் ஆகத் தாழ்ந்த இடத்தில்தான் சென்சாரைத் தொங்கவிடுவார்கள். இறங்க இறங்க வீட்டுச் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. மேலே கத்திக்கொண்டிருந்த பறவைகளின் சத்தமும் இங்கே இல்லை. ஈர மண் வாசனை, கருகின இரும்பின் வாசனை. போகிற வழியில் கேஸ் வால்வை இறுக்கி மூடினார். அப்படியும் எங்கோ அடுப்பு எரிந்து அணைந்த மாதிரி ஒரு நெடி மூக்கைவிட்டுப் போகவில்லை.

கம்பத்துக்குப் பக்கத்திலேயே வடிகால் குழி. இங்கேதான் சின்னவர் விழுந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் பார்க்காமலே சென்சாரைப் பிடித்தார். விரல் நீள உலோகத் துண்டு, அவ்வளவுதான்.

சூடாக இருந்தது.

வெயில் பட்ட சூடு இல்லை. இவ்வளவு நேரம் யாரோ கைக்குள் வைத்திருந்து இப்போதுதான் விட்ட சூடு. மேலே வியர்வைப் பிசுபிசுப்பு.

“யாரது?”

கேட்டது தன் குரல்தானா என்றே அவருக்குச் சந்தேகம் வந்தது. அவசர அவசரமாக ஒயரை வெட்டினார். சென்சாரைச் சட்டைப்பையில் போட்டார். அது நெஞ்சில் படுவது பொறுக்காமல் எடுத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். மேடு ஏறும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். வெட்டின ஒயர் ஆடிக்கொண்டிருந்தது.

காற்றே இல்லை.

சென்சார் இல்லாவிட்டால் பெட்டியில் வெறும் கோடுகள்தான் வர வேண்டும். அறைக்குள் நுழைந்தபோது அதில் முப்பத்து நான்கு என்று இருந்தது.

பெரியவர் கதவைச் சாத்தினார். துண்டை எடுத்துப் பெட்டியை மூடினார். கட்டிலில் உட்கார்ந்தார்.

“அவன் கையிலதான் இருந்துச்சு,” என்று கிசுகிசுத்தார்.

“எது?”

“அந்த சென்சாரு. காலையில போய்ப் பார்த்தப்போ கால் முறிஞ்சு குழியில கிடந்தான். ஒயரோட கீழ இழுத்து, உள்ளங்கையில பொத்தி வெச்சிருந்தான். விரலைப் பிரிக்கவே முடியலய்யா.”

இத்தனை நாளாக நினைத்துப் பார்க்காமல் ஹீட்டர்காரர் ஒதுக்கிவைத்திருந்த ராத்திரி அப்படியே முன்னால் வந்து நின்றது. அன்று சாயங்காலம்தான் அவர் இந்தப் பெட்டியைச் சமையலறையிலிருந்து கழற்றி இந்த அறையில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். படுத்தபடியே எண்ணைப் பார்க்க வேண்டும் என்பது பெரியவரின் ஆசை. ராத்திரியில் போன் வந்தது. ‘நம்பர் ஏறுது, இறங்குது, மறுபடி ஏறுது. என்னய்யா மாட்டிட்டுப் போன?’ அவர் கண்ணைக்கூடத் திறக்காமல் பதில் சொன்னார். ‘இடம் மாத்தினோம்ல முதலாளி, லூஸ் கனெக்‌ஷனா இருக்கும். ஆஃப் பண்ணிட்டுத் தூங்குங்க. காலையில பார்த்துக்கலாம்.’ இந்தத் தொழிலில் இருக்கிற யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அந்தச் சமாதானம் இப்போது அவருக்கே பிடிக்கவில்லை.

“ஆஃப் பண்ணீங்களா?”

“நீதான சொன்ன.”

குளிர் ராத்திரிகளில் சின்னவர் பள்ளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு பம்ப் ஷெட்டிலேயே படுத்துக்கொள்வது வழக்கம். அதனால் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். போன் வீட்டில் சார்ஜில் கிடந்ததாம். மேட்டு வீட்டுக்குக் கத்தினாலும் கேட்காது. மனுஷருக்குக் கிடைத்த ஒரே வாய் அந்த உலோகத் துண்டுதான். பொத்தினார், விட்டார். பொத்தினார், விட்டார். யாரும் வரவில்லை. பிறகு உறைபனி இறங்கியபோது, ஹீட்டராவது பற்றட்டும் என்று சென்சாரைக் குளிரில் விட்டிருப்பார். இரண்டு பக்கமும் ஹீட்டர். ஒன்று எரிந்திருந்தாலும் போதும், பிழைத்திருப்பார். அது ஏன் எரியவில்லை என்று தெரியாமலே காத்துக் கிடந்து, கடைசியில் மறுபடியும் சென்சாரைப் பொத்திக்கொண்டிருக்கிறார்.

“அவகிட்ட சொல்லிடாத,” என்றார் பெரியவர். சின்னவரின் மனைவியைத்தான் சொன்னார். “சென்சார் அன்னைக்கே செத்துப்போச்சுன்னு சொல்லிடு. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து வாய் நிறைய மாமான்னு கூப்பிடுறா. அது போயிட்டா எனக்கு என்ன இருக்கு?”

கதவு தட்டப்பட்டது. டீயோடு அவளே வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். ஹீட்டர்காரர் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“அண்ணா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளும்மா.”

“இந்தப் பெட்டி சமையலறையில இருந்தப்போ…” லேசாகச் சிரிக்கப் பார்த்தாள். “அவருக்கு டீ வேணும்னா மேடு ஏறி வர சோம்பல். பள்ளத்துல நின்னுக்கிட்டு சென்சாரைக் கையில பொத்துவாரு. இங்க நம்பர் ஏறும். நான் எடுத்துக்கிட்டுப் போவேன். ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

ஹீட்டர்காரருக்கு அன்று சாயங்காலம் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. ‘பெட்டி சமையலறையிலயே இருக்கட்டுமே அண்ணா’ என்றாள். ‘ஏம்மா, பாலுக்கு சூடு பார்க்கவா?’ என்று கிண்டல் செய்துகொண்டே அவர் திருகாணியைக் கழற்றினார். சின்னவர் அப்போது தோட்டத்தில் இருந்தார். பெட்டி இடம் மாறியதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

“அன்னைக்கு ராத்திரி நம்பர் ஏறிச்சாண்ணா?” என்று கேட்டாள். “ஏறலன்னா, விழுந்ததுமே போயிட்டாரு, கஷ்டப்படலன்னு மனசைத் தேத்திக்குவேன். மாமாகிட்ட கேட்டா பேச்சை மாத்துறாரு. நீங்க மெஷின் தெரிஞ்சவரு. உண்மையச் சொல்லுங்க.”

பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லம்மா,” என்றார் ஹீட்டர்காரர். “சென்சார் அன்னைக்கு வேலையே செய்யல. இப்பத்தான் கழட்டினேன். பையில கிடக்கு.”

அவள் நன்மைக்குத்தான் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டார். பாதி தன் நன்மைக்கு.

“அப்போ சரி,” என்றாள். திரும்பினாள்.

துண்டுக்கு அடியில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது.

போய்த் துண்டை எடுத்தாள். முப்பத்து நான்கு. இறங்கியது. ஏறியது. பெட்டியைப் பார்த்தாள், ஜிப் போட்ட பையைப் பார்த்தாள், இரண்டு ஆண்களின் முகத்தையும் பார்த்தாள். ஹீட்டர்காரர் கையிலிருந்த டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“வர்றேன்,” என்றாள்.

அதை அவர்களிடம் சொல்லவில்லை.

அவள் படி இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் பள்ளத்திலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. ஹீட்டர் பற்றிக்கொள்கிற சத்தம் ஹீட்டர்காரருக்குத் தூக்கத்திலும் தெரியும். ஜன்னல் கண்ணாடியில் ஆரஞ்சு வெளிச்சம் ஏறியது.

வால்வை அவர்தான் மூடியிருந்தார்.

இருவரும் ஓடினார்கள். பள்ளத்தைச் சுற்றியிருந்த ஹீட்டர்கள் எல்லாம் நின்று நிதானமாக எரிந்துகொண்டிருந்தன. நடுவில் குழி ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். போர்வையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

இரண்டு பேரும் அந்த வெளிச்சத்துக்குள் கால் வைத்தார்கள்.

குளிர் எலும்பில் இறங்கியது.

வாயிலிருந்து புகை புகையாக மூச்சு வந்தது. பெரியவருக்குப் பல் தந்தியடித்தது. ஹீட்டர்காரர் எரிகிற ஹீட்டருக்கு ஒரு சாண் தூரத்தில் கையை நீட்டினார். ஒன்றுமே இல்லை. ஜுவாலை கண்ணுக்குத் தெரிந்தது, சூடு மட்டும் அவருக்கு வரவில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏன் நடுங்குறீங்க? இங்க இவ்ளோ சூடா இருக்கே.”

பெரியவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். “நான்தாம்மா ஆஃப் பண்ணேன்,” என்றார். “நம்பர் ஏறிச்சு. ரொம்ப நேரம் ஏறி ஏறி இறங்கிச்சு. மெஷின் கோளாறுன்னு ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிட்டேன்.”

“நான் சொல்லித்தான் ஆஃப் பண்ணாரு,” என்றார் ஹீட்டர்காரர். “இப்ப உங்கிட்ட பொய் சொன்னதும் நான்தான்.”

எல்லாவற்றையும் சொன்னார்கள். ஹீட்டர்கள் உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“அப்போ அவரு என்னைத்தான் கூப்பிட்டிருக்காரு,” என்றாள் கடைசியில். “பெட்டி மாறின விஷயம் அவருக்குத் தெரியாது.”

குழிப் பக்கம் திரும்பினாள்.

“நம்பரைப் பார்த்துட்டும் நான் வரலன்னு நெனச்சுக்கிட்டே போயிருப்பாரு.”

பெரியவர் அவள் காலைத் தொடப் போனார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

“நீங்க ரெண்டு பேரும் மேல போங்க,” என்றாள்.

மாமா என்றும் இல்லை, அண்ணா என்றும் இல்லை. பெரியவர் அந்த ஒரு சொல்லுக்காகக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அது வரவில்லை. இருவரும் மேடேறினார்கள்.

உண்மையைச் சொல்லிவிட்டால் அந்தக் குளிர் விட்டுவிடும் என்றுதான் ஹீட்டர்காரர் நம்பியிருந்தார். வேனில் ஹீட்டரை முழுசாகத் திருப்பிவைத்துக்கொண்டு வீடு வந்தார். இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு படுத்தார். நடுக்கம் போகவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

மறுவாரம் வேறொரு தோட்டத்தில் புது ஹீட்டர் ஒன்றை நட்டுப் பற்றவைத்துக் காட்டினார். நல்ல வெயில். தோட்டக்காரர் வெக்கை தாங்காமல் பின்னால் நகர்ந்துகொண்டார். ஹீட்டர்காரர் ஸ்வெட்டரோடு ஒட்டி நின்று, குழாயைப் பிடித்தபடி விளக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று தோட்டக்காரர் பாய்ந்து வந்து அவரைப் பிடித்து இழுத்தார்.

“யோவ், கை வேகுது! தெரியலையா?”

ஹீட்டர்காரர் குனிந்து பார்த்தார். ஸ்வெட்டர் கை கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அடியில் தோல் கொப்புளித்திருந்தது. அவருக்கு எரியவில்லை. மணிக்கட்டைச் சுற்றிக் குளிர்ந்தது, அவ்வளவுதான்.

அந்தக் குளிருக்கு ஐந்து விரல் இருந்தது.