முனகல் நேரம்

காலையில் எழுந்ததும் பொற்கொடி முனகுவாள். வலித்தாலும் முனகுவாள், வலிக்காவிட்டாலும் முனகுவாள். காபி ஆறுவதற்குள் ஒருமுறை, குளித்துவிட்டு வந்து இன்னொருமுறை. பக்கத்தில் அவள் கணவன் மயில்சாமி பல் குத்திக்கொண்டே செய்தி பார்த்துக்கொண்டிருப்பான். "இன்னுங் கொஞ்சம் சத்தமா, புள்ள" என்று சைகை காட்டுவான்.

ஒவ்வொரு அறைக் கூரையிலும் கறுப்புப் பொட்டாக ஒட்டியிருந்தது இல்லச்செவி என்ற ஒட்டுக்கேட்கும் கருவி. கோவையில் நாள்பட்ட நோயாளி இருக்கும் வீட்டிலெல்லாம் அதைப் பொருத்தியிருந்தார்கள். நோயாளி ஆஸ்பத்திரியில் பொய் சொல்வான், வீட்டில் சொல்லமாட்டான் என்று எந்தப் புண்ணியவானோ கண்டுபிடித்த பிறகு, டாக்டர்கள் நோயாளியிடம் எதையும் கேட்பதில்லை. செவியைத்தான் கேட்டார்கள். மாதம் முழுக்க வீட்டில் கேட்டதைக் கூட்டிக் கழித்து, வலி எவ்வளவு நிஜம் என்று அது ஒரு மெய்யளவு சொல்லும். அளவு குறைந்தால் ஊசி நின்றுபோகும். பொற்கொடிக்கு முடக்குவாதம். ஊசி நின்றால் விரல்கள் மடங்கிக்கொள்ளும், தலை வாரிவிடக்கூட ஆள் வேண்டும்.

அதனால் சிரிப்பு வந்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள். சாயங்காலமானால் தெருவில் பாதிக் குடும்பங்கள் மாடியில்தான். இந்த மாடியில் முடக்குவாதம், அந்த மாடியில் சிறுநீரகம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வருவார்கள்.

அப்படியிருந்தும் இந்த மாதம் அளவு இறங்கிவிட்டது. போனில் தகவல் வந்ததும் அவள் மயில்சாமியை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உங்கக்காகிட்டப் பேசறப்ப, நான் நல்லா இருக்கறேன்னு சொன்னீங்களா?"

"சத்தியமா இல்ல கண்ணு."

கேட்டதும் சத்தியம் செய்கிறானே என்று அவளுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வானதி திரையை அவள் பக்கம் திருப்பினார். "உங்க முனகல்ல ஒரு குறையும் இல்ல. ஆனா நீங்க முனகினா வீட்டுல யாரும் எந்திரிச்சு வர்றதில்லையே. ஒரு காலடிச் சத்தம் இல்ல. என்னன்னு ஒரு கேள்வி இல்ல. நிஜமா வலிச்சா வீட்டுல இருக்கறவங்க சும்மா இருப்பாங்களா? அப்படித்தான் செவி கணக்குப் போட்டிருக்கு."

"அதுல பாதி நெசமாவே வலிச்சதுங்க, டாக்டர்."

"இருக்கலாம். இந்த மாச ஊசியப் போட்டுவிடறேன். அடுத்த மாசமும் இப்படியே வந்தா என் கையில இல்ல."

பொற்கொடி யோசித்துப் பார்த்தாள். போன வாரம் கழுத்து பிடித்துக்கொண்டு உயிர் போகிற மாதிரி கத்தினாளே, அப்போதும் மயில்சாமி பல் குத்திக்கொண்டுதானே இருந்தான்! வீட்டுக்கு வந்ததும் அவனை மாடிக்குக் கூட்டிப்போய் டாக்டர் சொன்னதை மட்டும் சொன்னாள். கழுத்து விஷயத்தைச் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து மயில்சாமி ஓடி வர ஆரம்பித்தான். அவள் மூச்சை இழுத்துவிட்டால் போதும், "என்னாச்சு கண்ணு, ரொம்ப வலிக்குதா?" என்று வந்து நிற்பான். வெந்நீர் ஒத்தடம் என்ன, தைலம் என்ன! கல்யாணமான புதிதில்கூட இந்தக் கவனிப்பு இல்லை. செவிக்குக் கேட்கவேண்டும் என்று காலைத் தரையில் ஓங்கி ஓங்கி வைத்து நடந்தான். கண் மட்டும் அடிக்கடி கூரைக்குப் போய்ப் போய் வந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது வலது கை சட்டென்று பூட்டிக்கொண்டது. பொற்கொடி உதட்டைக் கடித்துக்கொண்டாள். வேண்டுமென்றேதான் சத்தம் எழுப்பவில்லை.

தண்ணீர் குடிக்க உள்ளே வந்த மயில்சாமி அவள் கையைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. மெல்ல அருகில் உட்கார்ந்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கத்தியை வாங்கினான். அந்தக் கையைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டான். கூரைப் பக்கம் திரும்பவே இல்லை. அவன் கண் கலங்கியிருந்தது.

அவனை நம்பிவிட வேண்டும் என்று பொற்கொடிக்கு எவ்வளவோ ஆசையாக இருந்தது.

"ஏனுங்க," என்றாள். "இப்படிச் செய்யச் சொல்லி டாக்டரம்மா உங்களுக்குப் போன் பண்ணுனாங்களா?"

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. கேட்டிருக்கக் கூடாது, அதுவும் செவிக்குக் கேட்கும்படி கேட்டிருக்கவே கூடாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.