ஏலத்துக்கு வந்த கைசர்

நாய் கைசர் சொறிய ஆரம்பித்தால் ஜீனாவின் வீட்டில் யாருக்கும் வேறு வேலை ஓடாது. கட்டிலுக்கு அடியில் அதன் கால் தரையில் டொக் டொக் என்று அடிக்கும். மாலை ஜெபத்துக்கு அம்மா தங்கபாய் கண்களை மூடினால் போதும், எங்கிருந்தோ அதற்கு அரிப்பு வந்துவிடும். அம்மாவுக்குக் கோபம் வரும். ஜீனாவுக்குச் சிரிப்பு வரும்.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. கைசரின் முதுகில் முடி கொட்டியது. தோல் சிவந்து புண்ணாகியது. ஒரு சனிக்கிழமை ஜீனா அதைப் பெருங்கடவிளை மிருக ஆஸ்பத்திரிக்கு நடத்தியே கூட்டிப்போனாள்.

டாக்டர் புண்ணுக்கு மருந்து கொடுத்துவிட்டு, என்ன சாப்பாடு போடுகிறாய் என்று கேட்டார். மீன்கறி ஊற்றிய சோறு என்று ஜீனா பெருமையாகச் சொன்னாள். அந்த உப்பும் மிளகாயும் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, சமைக்காத மீனும் இறைச்சியும் கொடுத்துப் பார், தினமும் முடியைச் சீவிவிடு என்றார் டாக்டர்.

அன்று முதல் ஜீனாவுக்கு ஓட்டம்தான். மீன் விற்கும் சரோஜத்தின் கூடை தெருமுனையில் தெரிந்ததும் பாத்திரத்தோடு ஓடுவாள். நசுங்கிய சாளை மீன்களைச் சரோஜம் அவளுக்கென்று ஒதுக்கி வைப்பார். இறைச்சிக் கடையில் மிச்சத் துண்டுகள் கிடைக்கும். பச்சை மீனைப் பார்த்த முதல் நாள், கறி எங்கே என்பது போல கைசர் அவளைப் பார்த்தது. மறுநாள் தட்டையும் சேர்த்து நக்கியது.

சீவுவதற்கு அம்மாவின் பேன் சீப்பை எடுத்து நன்றாகத் திட்டு வாங்கினாள். அப்புறம் தேங்காய் மட்டையைத் தட்டி நார் பிரித்து அவளே ஒரு பிரஷ் செய்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு டிவியில் படம் தொடங்கினாலும், கைசரைச் சீவி முடித்த பிறகுதான் போவாள்.

புண் ஆறியது. புது முடி வந்தது. ஜெப நேரத்தில் வீடு அமைதியாக இருந்தது. ஜீனாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஆனால் அம்மாவின் முகம் மட்டும் வாடியிருந்தது. ஆலயத்தில் நடக்கும் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் ஜீனாவைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"மக்கா, எனக்க வாய் சும்மா இருக்கல்ல. இவனுக்க சொறி மாறினா இவனையே சபைக்குத் தாறேன்னு நேந்துட்டேன். அண்ணைக்கு வந்த கோவத்துல சொன்னதாக்கும்."

பண்டிகைக்கு வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, கோழி என்று ஆளாளுக்குக் காணிக்கை கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். நேர்ந்துகொண்டதைக் கொடுக்காமல் இருக்க முடியாது. பாடுபட்டுக் குணமாக்கியதே வினையாகிவிட்டதே என்று ஜீனா அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் சில்லறை டப்பாவை எடுத்துவைத்தாள்.

மறுநாள் ஆலய முற்றத்தில் ஒரே கூட்டம். ஏலம் போடும் சுந்தரதாஸ் மேசைமேல் ஏறி நின்றார். கைசர் பளபளவென்று வந்து நின்றதும் எல்லோரும் நெருங்கி வந்தார்கள். கோழிப்பண்ணை சத்தியராஜ் விலை சொல்லும் முன்பே கையைத் தூக்கினார். இன்னும் நாலைந்து கைகள் எழுந்தன.

ஜீனா கைசரின் பக்கத்தில் போய் நின்றாள். கடிக்கும் நாய் என்று ஒரு பொய் சொன்னால் போதும். ஆனால் கைசரைப் பற்றி அப்படிச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. உண்மையையே சொன்னாள்.

"மாமா, வாங்குறவங்க ஒரு காரியம் அறியணும். இவனுக்குக் கறிச்சோறு ஆகாது. பச்சை மீனும் பச்சை இறைச்சியும் வேணும். தினமும் உக்காந்து சீவிவிடணும். இல்லேன்னா பழையபடி சொறிவான்."

பச்சை இறைச்சி என்றதும் சத்தியராஜுக்குத் தன் கோழிகள் ஞாபகம் வந்தன. கை தானாக இறங்கியது. சொந்தப் பிள்ளைக்கே தலை சீவ நேரமில்லை என்று இன்னொருவர் பின்வாங்கினார். ஒவ்வொரு கையாக எல்லாமே இறங்கிவிட்டன.

ஜீனா குதிக்காத குறையாகக் கையைத் தூக்கினாள்.

"அஞ்சு ரூபா," என்றார் சுந்தரதாஸ். உடனே கூட்டத்தின் பின்பக்கம் பார்த்து, "ஆறு," என்றார்.

யாரோ போட்டிக்கு வந்துவிட்டார்கள். உயரமானவர்கள் நடுவே ஜீனாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி கையைத் தூக்கினாள். பின்னாலும் கை எழுந்தது. விலை ஏறிக்கொண்டே போனது. அவள் டப்பா காலியாகும் தொகையையும் தாண்டியது. ஜீனாவின் கை இறங்கியது, கண்ணீரும் இறங்கியது.

சுந்தரதாஸ் மீசைக்குள் சிரித்துக்கொண்டே மூன்று தரம் சொல்லி முடித்தார்.

"தங்கபாயி, இவ்வளவு நேரம் ஆருகூட மல்லுக்கு நிண்ணீங்கன்னு முன்னால வந்து பாருங்க."

கூட்டம் விலகியது. கையில் மணிபர்ஸோடு அம்மா வந்தாள். ஜீனாவையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீயா மக்கா? அவனை விட்டுக்குடுக்க எனக்கு மனசு வரல்ல."

முற்றமே சிரித்தது. ஏலத்தில் தோற்றுப்போனதற்காக அப்படித் துள்ளிக் குதித்தவள் அந்த ஊரில் ஜீனா ஒருத்திதான்.