மூன்றாவது டிஸ்க்

செல்போன் அலறியது. காலை ஒன்பது மணி.

"உங்க அக்கா... மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டா... உயிர் இல்லம்மா..."

அத்தானின் குரல். அழுகை இருந்தது. ஆனால் மூக்கு அடைக்கவில்லை!

அவள் ஸ்கூட்டரை விரட்டி வந்து சேர்ந்தபோது, அக்கா படியடியில் வெள்ளைத் துணிக்குள் கிடந்தாள். பக்கத்தில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர், ஒரு கான்ஸ்டபிள்.

"படிக்கு நேரா கேமரா இருக்கே. பதிவு எங்க?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"சர்வர் கோளாறு மேடம்," என்றார் அத்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த சர்வரை அமைத்துத் தந்ததே அவள்தான். அதுதான் அவள் தொழில்.

ஹால் அலமாரியை விருட்டென்று திறந்தாள்.

ஐந்து டிஸ்க் இருக்க வேண்டிய சர்வர் பெட்டியில் மூன்றுதான் இருந்தன!

"முதல் ரெண்டு டிஸ்க் எங்க அத்தான்?"

"கெட்டுப்போச்சு. நேத்தே குப்பையில போட்டுட்டேன்..."

"ரெண்டும் ஒரே நாள்ல கெட்டுச்சா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"ஏன் கத்தற? சாவு வீட்டுல!"

"சாவு வீடா ஆக்கினது யாரு?"

இன்ஸ்பெக்டர் கையமர்த்தினார். "இரும்மா. எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"இதுக்குப் பேரு ரெய்டு மேடம்..."

"ரெய்டா? அது எங்க வேலையாச்சே!"

"அஞ்சு டிஸ்க்கை ரெண்டு அணியாப் பிரிச்சிருக்கேன். முதல் ரெண்டும் ஒரு அணி. ஒண்ணுல எழுதறது அப்படியே இன்னொண்ணுலயும் இருக்கும். கேமரா பதிவுக்குன்னே வெச்சது. அது இவருக்கு நல்லாத் தெரியும். அதான் ரெண்டையும் சேர்த்துப் பிடுங்கியிருக்கார்!"

"அப்ப பதிவு போச்சா?"

அத்தான் மெல்ல ஒரு பெருமூச்சு விட்டார்.

அந்த மூச்சுதான் அவளை வெறியேற்றியது!

"போயிருக்கும். ஆனா போன வாரம் அக்கா போன் பண்ணா. 'விவாகரத்து கேக்கப் போறேன்டி. கேமரா பதிவை இன்னொரு அணிக்கு மாத்திடு, அவர்கிட்ட சொல்லாதே'ன்னா. மாத்திட்டேன். பாவி நான்... அன்னிக்கே அவளைக் கையோட கூட்டிட்டுப் போயிருக்கணும்!"

குரல் உடைந்தது. ஆனால் சர்வரை டி.வி.யோடு இணைத்துக்கொண்டிருந்த விரல்கள் நிற்கவில்லை.

டி.வி.யில் படம் விரிந்தது. காலை 7.42. படியின் உச்சியில் அக்கா. அவள் பின்னால் ஒரு நிழல்...

அத்தான் பாய்ந்தார்! சர்வரிலிருந்து ஒரு டிஸ்க்கை உருவி, ஓங்கித் தரையில் அடித்தார். மிதித்தார். மறுபடி மிதித்தார்.

"இப்பக் காட்டுடி, பார்க்கலாம்!"

அவள் அசையவில்லை.

சர்வர் 'பீப் பீப்' என்று கதறியது. படம் ஒரு விநாடி திணறியது...

பிறகு, ஓடியது!

இரண்டு கைகள். அக்காவின் முதுகு. ஒரே தள்ளு. தள்ளியவரின் முகம் கேமரா பக்கம் திரும்பியது.

அத்தான்!

"எ... எப்படி?"

"இது மூணு டிஸ்க் அணி. மூணுலயும் பிரிச்சுப் பிரிச்சு எழுதும். ஒண்ணைக் கொன்னா, அதுல இருந்ததை மிச்ச ரெண்டும் கணக்குப் போட்டுச் சொல்லிடும். இன்னும் ஒண்ணைப் பிடுங்கியிருந்தீங்கன்னா தப்பிச்சிருப்பீங்க!"

அத்தானின் கண்கள் சர்வர் பக்கம் ஓடின.

இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்து நின்றார்.

"கான்ஸ்டபிள்! ரெண்டு கையையும் சேர்த்தே விலங்கு போடு. சார் பாடத்தை இப்பத்தான் முழுசாக் கேட்டிருக்கார்!"