ஆரோக்கியம் நடந்த வரப்பு

பால் சொம்பு கல்லில் மோதி உருண்ட சத்தத்திலேயே லூர்தம்மாள் எழுந்து வந்துவிட்டாள்.

மாட்டுக் கொட்டகையில் இன்னும் இருட்டு விலகவில்லை. ஆரோக்கியம்மாள் சாணத்தில் இரண்டு கைகளையும் ஊன்றி, எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் கிடந்தாள். கறந்த பாலெல்லாம் மாட்டின் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. வெளிச்சம் இல்லாத இடத்தில் அவளுக்குத் தரை எங்கே இருக்கிறது என்பதே பிடிபடுவதில்லை. கால் வைத்த இடம் கிணறு மாதிரி உள்ளே இறங்கும்.

"மறுபடியும் கவுத்துட்டியா? பேரு மட்டும் ஆரோக்கியம்! உனக்கு இந்தப் பேர வெச்சவங்கள சொல்லணும்!"

"இருட்டுல கால் நிக்க மாட்டேங்குதுங்க அத்தே..."

"நிக்காது, நிக்காது! வேலைன்னா நிக்காது. மத்தியானம் வரப்பு மேல சுத்தறப்ப மட்டும் நல்லா நிக்கும்! கள்ளு குடிச்சவனுக்குக் கூட விடிஞ்சா தெளியுது. உனக்கு எப்பம்மா தெளியும்?"

கிணற்றடியிலிருந்து சவுரியப்பன் வந்தான். மண்ணில் ஊறிப் போய்க்கொண்டிருந்த பாலைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்க்கவில்லை.

"நெஞ்சு சுத்தமாயிடுச்சுன்னு டாக்டரம்மா எங்கிட்டயே சொன்னாங்க. அப்புறம் என்னாதான் உனக்கு?" என்றான்.

ஆரோக்கியம் கம்பத்தைப் பிடித்து எழுந்தாள். காதுக்குள் ஓயாமல் கேட்கும் அந்த இரைச்சல், கோபம் வந்தால் இன்னும் கூடும். அன்றைக்கு அது கொட்டகையையே நிறைத்தது.

இந்தக் கோபத்துக்குக் காரணம் கொட்டிப்போன பால் இல்லை.

அது, சவுரியப்பன் குடகில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்த காலத்தில் தொடங்கியது. அவன் தம்பி பிலவேந்திரன் வாத்தியார் வேலைக்குப் படித்துவிட்டு இருமலோடு வீடு வந்தான். கொஞ்ச நாளில் இருமலோடு ரத்தமும் வந்தது. டி.பி. என்று தெரிந்ததும் லூர்தம்மாள் ஊருக்கு மஞ்சக்காமாலை என்று சொல்லிவிட்டு, மகனைக் காட்டுக் கொட்டாயில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். இண்டூருக்கு மேற்கே, வத்தல்மலை பார்த்த அவர்கள் கேழ்வரகுக் காட்டில் ஒற்றைக் கூரையாக நிற்கிற கொட்டாய் அது. பெற்ற தாய் வாசலோடு நின்றாள். உள்ளே போனது மருமகள். களி கிண்டிக் கொண்டுபோனதும், எச்சில் சட்டியில் சாம்பல் போட்டுப் புதைத்ததும், ரத்தக்கறைத் துணி துவைத்ததும் ஆரோக்கியந்தான்.

"இது வெளிய தெரிஞ்சா எம்புள்ளைக்கு உத்தியோகம் இல்ல, பொண்ணு இல்ல. மாதா மேல சத்தியம் பண்ணு. உம் புருஷங்கிட்டக் கூட மூச்சு விடக்கூடாது" என்று மாமியார் கையைப் பிடித்து அழுதாள். ஆரோக்கியம் சத்தியம் செய்தாள்.

பிலவேந்திரன் டவுனில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுத் தேறினான். வேலை கிடைத்ததும் மாத்திரையை விட்டுவிட்டான். அவனுக்கு ராஜமேரியைப் பேசி முடித்த சமயத்தில் ஆரோக்கியத்துக்கு இருமல் வந்தது.

"அவ அம்மா வூட்டு நோவு" என்றாள் லூர்தம்மாள். குடகிலிருந்து திரும்பியிருந்த சவுரியப்பன் அதை நம்பினான்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். இருமல் நின்றது, உடம்பில் சதை பிடித்தது. ஆனால் பாதியிலேயே காது இரைய ஆரம்பித்தது, தலை சுற்றியது. சொல்லியிருக்க வேண்டும். "எதையாச்சும் சொல்லி வெச்சு ஆஸ்பத்திரில படுத்துக்காத. கல்யாண வேல தலைக்கு மேல கெடக்குது" என்று மாமியார் சொல்லி அனுப்பியிருந்ததால், டாக்டரம்மா கேட்கும்போதெல்லாம் "ஒண்ணுமில்லைங்க" என்றே சொல்லிவந்தாள். ஒருநாள் ஆஸ்பத்திரிப் படியிலேயே விழுந்த பிறகுதான் ஊசியை நிறுத்தினார்கள்.

"ஊசி உன் உயிரக் காப்பாத்திடுச்சும்மா. ஆனா காதுக்குள்ள ஒடம்ப நேரா நிறுத்தற எடம் ஒண்ணு இருக்குது. அதக் கெடுத்துடுச்சு" என்றார் டாக்டரம்மா. "பயந்து படுத்தே கெடந்தா இப்படியேதான் இருப்ப. நட. தலையத் திருப்பித் திருப்பிப் பாத்து நட. சுத்தல் தாங்கலன்னா படுத்துக்கோ. தெளிஞ்சதும் மறுபடி எந்திரிச்சு நட. கண்ணும் காலும் மெல்லக் கத்துக்கும். இது முழுசாப் போவும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ஒக்காந்திருந்தா போவவே போவாது."

அப்படித்தான் அவள் நடந்தாள். நடந்தால் மலை குதித்தது. பனைமரங்கள் தண்ணீரில் தெரிகிற நிழல் மாதிரி நெளிந்தன. தூரத்தில் ஒன்றைக் குறிவைத்து, ஒரு குச்சியை ஊன்றி, காட்டு வரப்பில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பாள். கேழ்வரகுக்குள் சாய்வாள். முழங்கால் சிராய்க்கும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து மறுபடி நடப்பாள். வாய்க்கு வந்த ஜெபத்தைவிட, வாய்க்கு வராத வசவுகள்தான் அவளை அப்போது தூக்கி நிறுத்தின. பிறகு வீட்டுக்கு வந்து பாயை விரித்துக் கண்ணை மூடிக்கொள்வாள். பட்டப்பகலில் மருமகள் படுப்பதா!

"நடக்கத் தெம்பு இருக்குது. நெல்லு குத்தத் தெம்பு இல்ல!"

ராஜமேரி தன் பங்குக்கு, ஆரோக்கியத்தின் தட்டையும் டம்ளரையும் தனியாக மாடத்தில் ஒதுக்கி வைத்திருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. முழுகாமல் இருக்கிற பெண். அக்காளுக்கு நோவு என்று சொன்னார்களே தவிர, அது யாரிடமிருந்து வந்தது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

பால் கொட்டிய அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அது நடந்தது. சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்க வரிசையில் போகும்போது ஆரோக்கியம் பீடத்தைப் பார்த்தபடி நிதானமாகத்தான் நடந்தாள். முன்னால் போன பெண் சட்டென்று திரும்ப, இவள் தலையும் கூடவே திரும்பியது. கோயில் முழுக்கச் சுழன்றது. பக்கத்தில் நின்றவளின் முக்காட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு விழுந்தாள்.

"காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்திருக்குது போல" என்று ஆண்கள் பக்கம் யாரோ சொல்ல, அடக்கிய சிரிப்புக் கேட்டது.

பூசை முடிந்து கோயில் வாசலில் ஊர்ப்பெண்கள் கூடி நின்றார்கள். லூர்தம்மாள் அவமானம் தாங்காமல் கத்தினாள்: "நான் என்னா பண்ணட்டும்? எங்க வம்சத்துல இல்லாத நோவ அவ அம்மா வூட்டுலருந்து கொண்டாந்தா. இப்ப குடிகாரின்னு பேரும் வாங்கிக் குடுத்துட்டா!"

ஆரோக்கியம் மாதா சுரூபத்தைப் பார்த்தாள். அதுவும் ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சவுரியப்பன் வெடித்தான். "போதும்! நாளைக்கே உங்கம்மா வூட்டுக்குப் பொறப்படு. நல்லாவற வரைக்கும் அங்கியே இரு. இந்த வூட்டு மானத்த நடுக்கோயில்ல..."

அப்போது உள்ளே யாரோ இருமினார்கள்.

பிலவேந்திரன். துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் இருமினான். அந்த இருமலை ஆரோக்கியத்துக்குத் தெரியும். கொட்டாயில் எத்தனையோ நாள் கேட்ட இருமல். துண்டை அவன் அவசரமாக மடித்ததையும் பார்த்தாள். அவனுக்குப் பக்கத்தில் ராஜமேரி, வயிற்றின் மேல் கை வைத்தபடி, ஒன்றும் அறியாமல் நின்றாள்.

"பிலவேந்திரா, அந்தத் துண்ட விரி" என்றாள் ஆரோக்கியம்.

"அண்ணி..."

"விரின்னு சொல்றேன்!"

வீடே திடுக்கிட்டது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் குரல் அந்த உயரத்துக்குப் போனதில்லை. லூர்தம்மாள் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தப் பார்த்தாள். "அடியே! மாதா மேல சத்தியம் பண்ணியிருக்க!"

ஆரோக்கியம் அந்தக் கையை விலக்கினாள்.

"பண்ணேன். உங்க மகன் கல்யாணத்துக்காகப் பண்ணேன். இவ வயித்துல கெடக்கற புள்ளைக்கு நோவு வரட்டும்னு பண்ணலீங்க அத்தே! ... ராஜமேரி, கேட்டுக்கோ. நோவு எங்கம்மா வூட்டுலருந்து வரல. இவனுக்குத்தான் மொதல்ல வந்துச்சு. காட்டுக் கொட்டாயில வெச்சு இவன் எச்சிலையும் ரத்தத்தையும் நான் அள்ளுனேன். அதுலதான் எனக்கு ஒட்டுச்சு. இப்ப மறுபடி இருமறான். என் தட்டத் தனியா வெச்சியே, புருஷன் தட்டுல நீ சாப்புடற! நாளைக்கே ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போங்க!"

சவுரியப்பன் தம்பியைப் பார்த்தான். "பொய்யின்னு சொல்லுடா."

பிலவேந்திரன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். துண்டு அவன் மடியில் விரிந்து கிடந்தது. அதில் சிவப்பு இருந்தது.

"நெசந்தான்ணா... அண்ணி இல்லன்னா நான் அன்னிக்கே செத்திருப்பேன்."

ராஜமேரி அழவில்லை. நேரே மாடத்துக்குப் போய் அந்தத் தட்டையும் டம்ளரையும் எடுத்து வந்து மாமியார் முன்னால் ஓங்கி எறிந்தாள். "ஒரு பொண்ணக் குடுத்த வூட்டையே ஏமாத்திட்டீங்களே! இவங்கள தொடாத தொடாதன்னு எங்கிட்டச் சொன்னீங்களே... நெசமா யாரத் தொடக்கூடாதுன்னு சொல்லலியே!"

சவுரியப்பன் "ஆரோக்கியம், எனக்குத் தெரியாதும்மா..." என்று ஒரு அடி முன்னால் வந்தான்.

"தெரியாதுன்னா கேட்டிருக்கலாம். நான் விழறப்ப எல்லாம் கவுந்த பாலத்தான் பாத்தீங்க."

அவள் பாயையும் ஒரு பானையையும் எடுத்தாள். "நான் பொறப்படறேன். எங்கம்மா வூட்டுக்கு இல்ல. அங்க போனா நோவு அங்கருந்து வந்ததாத்தான் ஆவும். கொட்டாய்க்குப் போறேன். டாக்டரம்மா நடக்கச் சொன்னாங்க, படுக்கச் சொன்னாங்க. ரெண்டையும் இனிமே யார் பேச்சும் கேக்காம பண்ணப் போறேன்."

குச்சியை ஊன்றிக்கொண்டு, லேசாக ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து, வெயிலில் அவள் போனாள். யாரும் தடுக்கத் துணியவில்லை.

கொட்டாய் வாழ்க்கையில் அவள் முதலில் செய்தது, மனம் தீர அழுததுதான். பிறகு நடந்தாள். காலையில் வரப்பில் நடந்தாள். களைத்ததும் புளியமர நிழலில் படுத்தாள். எழுந்து களை எடுத்தாள். குனிந்தால் சுற்றியது, ஆனாலும் குனிந்தாள். மறுபடி படுத்தாள். சில நாள் தேறிவிட்டதாகத் தோன்றும், மறுநாளே பானையோடு விழுவாள். அப்போது வருகிற ஆத்திரத்துக்கு எல்லை இல்லை. உடைந்த ஓடுகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாகப் பாறைமேல் வீசுவாள். வீசுவதும் நல்லதுதான் போலிருக்கிறது. கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்தன.

பிலவேந்திரனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போகிற வழியில் அவன் வரப்போரம் வந்து தலை குனிந்து நின்றான். "ஊசி போடுவாங்கன்னாங்க அண்ணி... உங்களுக்கு ஆனதப் பாத்து பயமா இருக்குது."

அவன்மேல் கோபம் இருந்தது. ஆனாலும் சொன்னாள்: "பயந்து ஓடாத. ஆனா காது இரைஞ்சா, தல சுத்துனா அன்னிக்கே டாக்டரம்மாகிட்டச் சொல்லு. என்னாட்டம் அடக்கிக்கினு இருக்காத. பாதியில மட்டும் நிறுத்துன... நானே வந்து ஒதைப்பேன்!"

சவுரியப்பன் தினமும் வந்தான். முதலில் அவள் முகம் கொடுக்கவில்லை. அவன் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போவான். ஒருநாள் அவள் நடக்கும்போது, விழுந்தால் பிடிக்கலாம் என்று பின்னாலேயே கை நீட்டிக்கொண்டு வந்தான்.

"பின்னால வராதீங்க. கூச்சமா இருக்குது. முன்னால நடங்க" என்றாள்.

அவன் முன்னால் நடந்தான். அவன் முதுகைப் பார்த்தபடி அவள் வரப்பு முழுவதும் நடந்தாள். கடைசியில் அவன் திரும்பியபோது அவன் முகம் கண்ணீரில் நனைந்திருந்தது. அவள் முந்தானையை நீட்டினாள். அதற்குமேல் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

கேழ்வரகு அறுப்பு முடிந்திருந்தது. ராஜமேரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் நெஞ்சு சுத்தம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று லூர்தம்மாள் கொட்டாய்க்கு வந்தாள். வாசலிலேயே உட்கார்ந்து முகத்தில் அடித்துக்கொண்டாள்.

"எம்புள்ள பொழைக்கணும்னு உன்னக் கொன்னுட்டேனே ஆத்தா... பேரப்புள்ள முகத்தப் பாக்க முடியல. வூட்டுக்கு வாம்மா. உங்காலப் புடிக்கறேன்..."

ஆரோக்கியம் அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். குரல் மட்டும் இறங்கவில்லை.

"இங்க அழுதா கேழ்வரகுத் தாளுக்குத்தான் கேக்கும் அத்தே. எங்கம்மாவப் பழி சொன்னது கோயில் வாசல்ல. அங்க சொல்லுங்க. அப்புறம் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனம் வெளியே வந்தது. லூர்தம்மாள் படியில் நின்றாள்.

"எல்லாரும் நில்லுங்க... எம்மருமவ குடிகாரி இல்ல. நோவு அவ வூட்டுது இல்ல. எம்மகனுக்கு வந்த நோவ, நான் தொட பயந்த நோவ, அவ தொட்டா. அதுக்குப் போட்ட ஊசியிலதான் அவளுக்குக் கால் தள்ளாடுது. நான் பொய் சொன்னேன். மாதா சாட்சியா சொல்றேன்... நான்தான் பொய் சொன்னேன்!"

அன்றைக்குச் சிரித்தவர்கள் தலை குனிந்தார்கள். ஆரோக்கியம் குச்சி இல்லாமல் கூட்டத்தைக் கடந்து வந்தாள். கடைசிப் படியில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. லூர்தம்மாள் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. மாமியாரின் கண்ணீர் கழுத்தில் இறங்கியபோதுதான் ஆரோக்கியத்துக்கும் உடைந்தது. "போதும் அத்தே... போதும்" என்று அவளும் கட்டிக்கொண்டு அழுதாள்.

காது இரைச்சல் அவளைக் கடைசிவரை விடவில்லை. இருட்டில் சுவரைப் பிடித்தேதான் நடந்தாள். கறவையைச் சவுரியப்பன் எடுத்துக்கொண்டான். அவள் தினமும் வரப்பில் நடந்தாள். மத்தியானத்தில் நடுவீட்டில் பாய் விரித்து, கொழுந்தன் மகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிப் படுத்தாள்.

பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் ஒருநாள் எட்டிப் பார்த்து, "என்னாம்மா, பட்டப்பகல்ல மருமவ தூங்கறா?" என்றாள்.

லூர்தம்மாள் உலக்கையைக் கீழே வைத்தாள்.

"ஆமா, தூங்கறா. சத்தம் போடாம போ."