கலப்பூசிக் கணக்கு

பூமியிலிருந்து சில விண்கப்பல்களில் வந்தவர்கள் குடியேறிய, வியாழனின் துணைக்கோளான கனிமீடில் பிள்ளை பெற விரும்புவோர் முதலில் கலப்பகத்துக்குப் போய் டோக்கன் எடுக்க வேண்டும். அங்கே பத்தில் ஒருவருக்குக் கலப்பூசி போடப்படும்.

தாய்வழி வந்த மரபிழையும் தந்தைவழி வந்த மரபிழையும் அடுத்த தலைமுறைக்குப் போகுமுன் துண்டு துண்டாக இடம் மாறிக்கொள்ளும். ஊசியிலிருந்த மரபணு அந்த மாற்றத்தை எட்டு மடங்காக்கும். பிள்ளைகள் புதுப்புதுச் சேர்க்கைகளோடு பிறப்பர். ஆண்டுதோறும் வேடம் மாற்றும் நுரையீரல் பூஞ்சைக்குத் தப்புவர். தப்பியவர்கள் பெருகப் பெருக, அந்த மரபணுவும் தானே ஊரெங்கும் பரவும். கலப்பகக் கணிதவியலாளர் தேவகுஞ்சரியின் பொறுப்பிலிருந்த நாற்பத்திரண்டு சமன்பாடுகளும் அப்படித்தான் கூறின.

மூன்று தலைமுறை கடந்தும் மரபணு ஓரடி நகரவில்லை. குழந்தைகள் வார்டில் கட்டில் கிடைப்பதில்லை. பிழையைக் கண்டுபிடிக்காவிட்டால் வரும் பூஞ்சைப் பருவத்திலும் பிள்ளைகள் மூச்சுக்குத் தவிப்பார்கள். சமன்பாடுகளை ஏழு முறை சரிபார்த்துச் சலித்தவள், ஊசிக்குக் காத்திருந்தோர் நடுவே போய் உட்கார்ந்தாள்.

"நீங்க எந்தக் கப்பல் வழி?" முன்னிருக்கைப் பெண் பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள்.

"ரெண்டாம் கப்பல்."

"அட, நாங்களும் ரெண்டாம் கப்பல்தான்! எந்தத் தளம்?"

"மேல்தளம். எங்க வீட்டுக்காரரு எனக்கு மாமா பையன்தான்."

"அப்ப சரி. கீழ்த்தளத்துக்காரங்க வீட்ல நாங்க தண்ணிகூடக் குடிக்கிறதில்ல."

தேவகுஞ்சரிக்கு விளங்கிவிட்டது. இரண்டு இழைகளும் ஒன்றுபோலவே இருக்கையில் எதை எதோடு மாற்றுவது? எவரும் எவரையும் மணப்பர் என்று சமன்பாடுகள் இத்தனை காலமும் நம்பியிருந்தன.

கையோடு அறிக்கை எழுதி எடுத்துக்கொண்டு கலப்பக இயக்குநர் முத்தழகரிடம் ஓடினாள்.

"கப்பல் விட்டுக் கப்பல் கல்யாணம் பண்ணிக்கணும் சார். அப்பத்தான் இந்தக் குழந்தைங்க பிழைக்கும்."

"ஊரே கொதிச்சிடும் மேடம். பேசாம ஊசியைப் பதினாறு மடங்காக்கிடலாம்."

"கட்டு முழுக்க ஒரே சீட்டா இருந்தா எத்தனை தடவை கலைச்சு என்ன சார் பிரயோஜனம்? யாராவது துணிஞ்சு ஆரம்பிச்சாகணும்."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "அப்படீன்னா நம்மளே ஆரம்பிச்சிடுவோம். எப்படிப் பேச்செடுக்கிறதுன்னுதான் தயங்கிட்டிருந்தேன். உங்க பொண்ணும் எங்க பையனும் பழகுறாங்களாம், நேத்துதான் சொன்னான். நாங்க நாலாம் கப்பல். நீங்க?"

முதலாம் கப்பலின் தலைமாலுமி வழியில் வந்த தேவகுஞ்சரி அறிக்கையை நான்காக மடித்தாள். அதைக் கைப்பைக்குள் வைத்தாள்.

"பதினாறு போதுமா சார்? இருபத்துநாலா வெச்சுக்கலாமே."