கட்டைவிரல் ஆசனம்

ஆளுக்குத் தக்கபடி யோகா சொல்லித்தரும் தகவுப்பாய் அன்று காலை சடகோபனுக்கு விதித்த ஆசனம், வலது கைக் கட்டைவிரலை மெல்ல மடக்கி நீட்டுவது. அதுவும் முடிந்தால் செய்யலாம் என்றது.

அடுத்த மாதம் மகள் வகுளாவுக்குக் கல்யாணம். மணையில் சம்மணம் போட்டு, அவளை மடியில் உட்கார்த்திவைத்து அவர் தாரைவார்க்க வேண்டும். முழங்காலோ மடங்க மறுத்தது. அதற்காகத்தான் இந்தச் சனியனை வீட்டுக்குள் விட்டார்.

யோகா சொல்லித்தந்த மனிதர்கள் எல்லாம் எப்போதோ கடையைக் கட்டிவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே ஆசனம் என்பது காட்டுமிராண்டித்தனமாம். பாய் உங்கள் எலும்பைப் படிக்கும். மணிக்கட்டிலிருக்கும் நாடிக்காப்பு ரத்த ஓட்டத்தைச் சொல்லும். இரண்டும் கலந்து பேசி, உங்களுக்கு மட்டுமே பொருந்துகிற, நோகாத ஒரு யோகத்தைத் தைத்துக் கொடுக்கும். நாடி துள்ளினால் வலி என்று பொருள். உடனே ஆசனம் இலேசாகிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சடகோபனுக்குப் பிறவிக் கோபம். முதல் வாரம் முழங்காலை ஒரு சாண் தூக்கச் சொன்னது பாய். இதெல்லாம் ஒரு யோகமா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாடி எகிறியது. பாய் பதறிப்போய் ஒரு விரற்கடை போதும் என்றது. அவர் கத்தினார். பாய் காலை விட்டுவிட்டுக் கைக்குப் போனது. இவர் கத்தக் கத்த அது கனிந்தது; அது கனியக் கனிய இவருக்கு ரத்தம் கொதித்தது. இப்படித்தான் கட்டைவிரலில் வந்து நின்றார்கள்.

"அதைச் சுருட்டி வச்சுட்டு சும்மா கீழ உக்காந்துதான் பாருங்கோளேன்," என்றாள் மனைவி செங்கமலம்.

பாய் பரணுக்குப் போனது. காப்பைக் கழற்ற வழியில்லை; வாசற்கதவும் தொலைபேசியும் அதில்தான் இயங்கின. ஊரிலுள்ள காப்பெல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவும் செய்தன. சடகோபன் சாப்பாடு, காப்பி, சண்டை எல்லாவற்றையும் தரைக்கு மாற்றினார். முழங்கால் கதறியது. அவரும் கதறினார். ஆனால் மடங்கியது.

முகூர்த்தத்தில் சம்மணம் போட்டுவிட்டார். வகுளா உட்காராமல் தயங்கி நின்றாள்.

"வலிக்குமேப்பா."

"வலிக்கட்டும். உக்காரு."

உட்கார்ந்தாள். அவருக்கு உயிர் போய் வந்தது. கண்ணில் கொட்டிய தண்ணீரில் எது வலி, எது சந்தோஷம் என்று அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை. மடியிலிருந்தவளும் அழுதாள். இருவர் காப்பும் விடாமல் அதிர்ந்தன. யார் அதையெல்லாம் கவனித்தார்கள்!

வகுளா ஓசூருக்குக் குடித்தனம் போனாள். போனவளிடமிருந்து அப்பாவுக்கு ஒரு போன் இல்லை. இவர் கூப்பிட்டாலும் எடுப்பாரில்லை. புருஷன் வந்ததும் அப்பன் வேண்டாதவனாகிவிட்டானா என்று செங்கமலத்திடம் பொரிந்து தள்ளினார்.

"நீங்கதான் எடுக்கறதில்லைன்னு அவ எங்கிட்ட அழறா," என்றாள் செங்கமலம்.

சடகோபன் காப்பை உலுக்கிக் கேட்டார். அது நோயாளியிடம் பேசும் குரலில் விளக்கியது. முகூர்த்தத்தன்று அவருக்கு இதுவரை காணாத வலி பதிவாகியிருக்கிறது, காரணம் மகள். மகளுக்கும் அதே அளவு வலி, காரணம் அவர். இருவருக்கும் நோகக் கூடாதென்று அழைப்புகளை நிறுத்தி வைத்திருக்கிறது. மகள் பெயரைக் கேட்டும் அவர் நாடி துள்ளாத அன்றைக்கு மறுபடி இணைத்துவிடுமாம்.

பாழாய்ப்போன இயந்திரமே என்று அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. செங்கமலம் தன் காப்பில் மகளைக் கூப்பிட்டு, மணிக்கட்டை அவர் காதோரம் கொண்டுபோனாள்.

"அப்பா?" என்றது வகுளாவின் குரல்.

அவ்வளவுதான். அவர் நாடி துள்ளியது. இணைப்பு அறுந்தது. சடகோபனின் காப்பு, மிகுந்த பரிவோடு, வலது கைக் கட்டைவிரலை மெல்ல மடக்கி நீட்டச் சொன்னது.